கடல் தண்ணியில கார்பன் கணக்கு: வாசகர் கேள்வி-பதில்

போன இதழ்ல கடல் உறிஞ்சுற கார்பனைப் பத்தி நாலு வரி எழுதினதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நினைக்கல. பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான், அந்த நம்பர்லாம் எங்கேர்ந்து வருதுன்னு. அதனால இந்தத் தடவை முழுப் பகுதியும் அதுக்கே. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்ணா சேர்த்துட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: கடல்ல சுமார் 38,000 பில்லியன் டன் கார்பன் இருக்குன்னு எழுதியிருந்தீங்க. கடலை யாரு போய் எடை போட்டாங்க? (கல்லூரி மாணவி ஒருவர்)

எடை போட முடியாதும்மா, அள்ளி அளந்தாங்க. ஆராய்ச்சிக் கப்பல் நடுக்கடல்ல நிக்கும், 24 இல்லன்னா 36 பாட்டிலை வட்டமா மாட்டின ஒரு கூண்டை கேபிள்ல கட்டி அடி வரைக்கும் இறக்குவாங்க, திரும்ப மேல தூக்குறப்ப ஒவ்வொரு ஆழத்துலயும் ஒரு பாட்டிலை மூடிக்கிட்டே வருவாங்க. 4,000 மீட்டர் ஆழம்னா இறக்கி ஏத்தவே மூணு மணி நேரத்துக்கு மேல ஆயிடும். அப்புறம் கப்பல் 50, 60 கிலோமீட்டர் தள்ளிப் போய் மறுபடியும் அதே வேலை. இப்படியே ஒரு கண்டத்தோட கரையிலேர்ந்து இன்னொரு கண்டத்தோட கரை வரைக்கும் கோடு இழுத்த மாதிரி போறாங்க. 1972-ல ஆரம்பிச்ச ஜியோசெக்ஸ், 1990-கள்ல நடந்த வோஸ், இப்ப அதே கோடுகள்ல சுமார் பத்து வருஷத்துக்கு ஒரு தரம் திரும்பப் போற கோ-ஷிப், எல்லாம் இந்த ரகம்தான்.

இந்தப் பயணங்கள்ல கிடைச்ச டேட்டாவை எல்லாம் ஒரே இடத்துல, ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போற மாதிரி ஆக்கி வச்சிருக்கிற தொகுப்போட பேரு குளோடாப். முதல் பதிப்பு 2004-ல வந்துச்சு, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துல இருந்த ராபர்ட் கீ அதுக்கு முன்னாடி நின்னவர். 2016-ல வந்த ரெண்டாவது பெரிய பதிப்புல 724 பயணம். 2022 பதிப்புல 1,085 பயணம், கிட்டத்தட்ட 14 லட்சம் சாம்பிள். கேக்கறதுக்கு மலைப்பா இருக்கும், ஆனா கடலோட பரப்பு சுமார் 36 கோடி சதுர கிலோமீட்டர், சராசரி ஆழம் 3,700 மீட்டர்கிட்ட, அதோட வச்சுப் பாத்தா இந்த 14 லட்சம் ஒண்ணுமே இல்ல. நடுவுல இருக்கிற காலி இடத்தை எல்லாம் கணக்கு போட்டுத்தான் நிரப்புறாங்க. அதனால அந்த 38,000-ங்கறது எண்ணி முடிச்ச கணக்கு இல்ல, நல்லா போட்ட மதிப்பீடு.

கேள்வி: கரைஞ்ச கார்பன்னு பொத்தாம் பொதுவா சொல்றீங்களே, வாயுவா, பைகார்பனேட்டா, கார்பனேட்டா? எதை அளக்கறாங்க? (ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்)

சரியான இடத்துல பிடிச்சீங்க சார். மேல்மட்டத் தண்ணியில தோராயமா 90 சதவீதம் பைகார்பனேட், ஒரு 9 சதவீதம் கார்பனேட், வாயுவாவே கரைஞ்சு கிடக்கிறது ஒரு சதவீதம் போலத்தான். மூணையும் தனித்தனியா அளக்கறதில்ல. நாலு விஷயம் அளப்பாங்க: மூணோட கூட்டுத்தொகை, அதுக்கு டிஐசின்னு பேரு, அப்புறம் ஆல்கலினிட்டி (தண்ணி அமிலத்தைத் தாங்குற திறன்), பிஎச் (அமிலத்தன்மையோட அளவு), கார்பன் டை ஆக்சைடோட பகுதி அழுத்தம் (அந்த வாயு மட்டும் தர்ற அழுத்தம்). இதுல ஏதாவது ரெண்டு தெரிஞ்சா, வெப்பம், உப்பு, அழுத்தம் வச்சு மிச்ச ரெண்டையும் கணக்கு போட்டுடலாம், சமநிலை மாறிலி தான், நீங்க போர்டுல எழுதிப் போட்டதே.

டிஐசி சாம்பிள் எப்படி எடுக்கறாங்கன்னு கொஞ்சம் கிட்டப் போய் பாப்போம், ஏன்னா தொகுப்புல வர்ற பாதி தலைவலி இங்கதான் பொறக்குது. கூண்டு மேல வந்ததும் வாயு சம்பந்தப்பட்ட சாம்பிளுக்குத்தான் முதல் உரிமை, சிஎஃப்சி (ஃபிரிட்ஜ்ல போட்ட வாயு), ஆக்சிஜன், அதுக்கப்புறம் டிஐசி, பிஎச். கண்ணாடி பாட்டிலோட அடி வரைக்கும் ரப்பர் குழாயை விட்டு, குமிழி வராம மெதுவா நிரப்பி, வழிய விடணும். மேல துளி இடம் மட்டும் விட்டு, மெர்குரிக் குளோரைடு கரைசலை 100 மைக்ரோலிட்டர் அளவுக்கு விடுவாங்க, உள்ள இருக்கிற நுண்ணுயிர் எல்லாம் செத்துடும், இல்லன்னா அதுங்க மூச்சு விட்டே நம்பரை மாத்திடும். மூடியில கிரீஸ் தடவி இறுக்கி மூடணும். அளக்கறப்ப ஃபாஸ்பாரிக் அமிலத்தை ஊத்துவாங்க, கார்பன் எல்லாம் வாயுவா வெளிய வரும், நைட்ரஜன் அதைத் தள்ளிக்கிட்டு போய் ஒரு நீலக் கரைசல்ல விடும், நீலம் வெளுக்கும், அந்த நீலம் திரும்ப வர்றதுக்கு எவ்வளவு மின்சாரம் செலவாச்சுன்னு எண்ணினா அதுதான் விடை. ஒரு சாம்பிளுக்கே கால் மணி நேரம்கிட்ட ஆகும், கப்பல் ஆடிக்கிட்டே இருக்கும், ராத்திரி பகல்னு ஷிஃப்ட் போட்டு பண்றாங்க. இதெல்லாம் ஒழுங்கா நடந்தா கிலோவுக்கு ரெண்டு மைக்ரோமோல் அளவுக்கு துல்லியம் கிடைக்கும், மொத்தம் இருக்கறது 2,000-க்கு மேல.

கேள்வி: அளந்தாச்சு, ஃபைல் இருக்கு. எல்லாத்தையும் காப்பி பேஸ்ட் பண்ணி ஒரு டேட்டாபேஸ்ல போட்டா முடிஞ்சுது. ஒரு ஸ்கிரிப்ட் ரெண்டு நாள்ல பண்ற வேலைக்கு எதுக்கு வருஷக்கணக்குல ஒரு டீம்? (ஐடி துறை வாசகர்)

இந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்.

முதல்ல யூனிட்டை எடுத்துக்கோங்க. ஒருத்தர் டிஐசியை கிலோவுக்கு மைக்ரோமோல்னு எழுதுவார், இன்னொருத்தர் லிட்டருக்கு மைக்ரோமோல்னு எழுதுவார். கடல் தண்ணி ஒரு லிட்டர் சுமார் 1.025 கிலோ எடை, அப்ப அதே தண்ணி ஒரு ஃபைல்ல 2,000, இன்னொரு ஃபைல்ல 2,050. தலைப்புல யூனிட் சரியா போடாம விட்டா உங்க ஸ்கிரிப்ட் ரெண்டையும் சந்தோஷமா சேர்த்துக்கும். ஆனா மனுஷன் விடுற புகையால மேல்மட்டக் கடல்ல டிஐசி கூடுறது வருஷத்துக்கு ஒரு மைக்ரோமோல் போலத்தான். அந்த ஒரு யூனிட் குழப்பம் மட்டும் 50 வருஷ மாற்றத்தை முழுங்கிடும், பாருங்க.

பிஎச் இதைவிட மோசம். அதுக்கே பல ஸ்கேல் இருக்கு, பழைய ஆளுங்க என்பிஎஸ்னு ஒரு ஸ்கேல்ல எழுதினாங்க, இப்ப டோட்டல் ஸ்கேல்னு ஒண்ணுல எழுதுறாங்க, ரெண்டுக்கும் நடுவுல 0.1-க்கு மேல வித்தியாசம். தொழிற்புரட்சிக்கு முன்னாடிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் கடலோட பிஎச் மொத்தமா இறங்கினதே சுமார் 0.1 தான், 8.2-லேர்ந்து 8.1. அப்புறம் எந்த வெப்பத்துல அளந்தாங்கங்கறது. லேப்ல 25 டிகிரிக்கு சூடாக்கி அளப்பாங்க, அந்தத் தண்ணி கிடந்த ஆழத்துல 2 டிகிரி, இந்த ஒண்ணுலேயே 0.3-க்கு மேல மாறும். எந்த வெப்பம்னு ஃபைல்ல எழுதலன்னா அந்த நம்பரை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

சாயத்துல கூட வில்லங்கம். பிஎச் அளக்க மெட்டா கிரெசால் பர்ப்பிள்னு ஒரு சாயம் கலந்து நிறத்தைப் பாப்பாங்க, ரொம்ப அழகான முறை, ஆனா கடையில கிடைக்கிற சாயத்துல கலப்படம் இருந்து 0.01, 0.02 வரைக்கும் தப்பு காட்டும்னு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. 0.02-ங்கறது கடல் சுமார் பத்து வருஷத்துல மாறுற அளவு. அப்ப எந்தப் பயணத்துல எந்த சாயம், சுத்தம் பண்ணினதா பண்ணாததான்னு எழுதி வச்சவங்க புண்ணியவான்கள்.

இது போக சில்லறைத் தொல்லைகள். அளக்காத இடத்துல -999-னு போட்டிருப்பாங்க, சிலர் -9999, சிலர் வெறும் காலியிடம், ஒருத்தர் பூஜ்யம், பூஜ்யம் போட்டவரை மட்டும் என்னால மன்னிக்கவே முடியாது, ஏன்னா நைட்ரேட் மாதிரி விஷயத்துல பூஜ்யம் நிஜமாவே வரக்கூடிய விடை. மேற்குத் தீர்க்கரேகைக்கு மைனஸ் போட மறந்தா கப்பல் பாலைவனத்துல நிக்கும். ஆழத்துக்கும் அழுத்தத்துக்கும் ஒரே தலைப்பு. ஒரே பயணம் ரெண்டு நாட்டுலேர்ந்து ரெண்டு பேர்ல வந்து சேரும், அதுக்குத்தான் ஒவ்வொரு பயணத்துக்கும் கப்பலோட நாலு எழுத்துக் குறியீடும் கிளம்பின தேதியும் சேர்த்து 12 எழுத்துல அடையாளம் குடுத்திருக்காங்க. ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்துல ஒரு தரக்குறி வேற, வோஸ் காலத்துலேர்ந்து வர்ற வழக்கம், 2-ன்னா நல்லது, 3-ன்னா சந்தேகம், 4-ன்னா மோசம், 9-ன்னா அளக்கவே இல்ல. உங்க ஸ்கிரிப்ட் இதுல பாதியைப் பிடிக்கும், அதை நான் மறுக்கல. மிச்ச பாதிக்கு கிராஃபைப் போட்டு, இந்தப் புள்ளி ஏன் தனியா நிக்குதுன்னு உக்காந்து பாக்கிற ஒரு ஆள் வேணும், சில சமயம் 1980-கள்ல அளந்தவரையே தேடிப் பிடிச்சு கேக்கணும்.

கேள்வி: ஒரு பயணத்தோட டேட்டா மத்ததோட ஒத்துப் போகலன்னா "அட்ஜஸ்ட்" பண்றாங்களாமே. முடிவு முன்னாடியே எடுத்துட்டு நம்பரை அதுக்கு ஏத்த மாதிரி வளைக்கறதுக்குப் பேரு அறிவியலா? (நீண்டகால வாசகர்)

கோவம் நியாயமானதுதான், அதனால நீளமாவே சொல்றேன்.

ஒரு வீட்டுல பத்து கடிகாரம் இருந்து ஒவ்வொண்ணும் ஒரு நேரம் காட்டினா, எல்லாத்துக்கும் பொதுவா நடந்த ஒரு சம்பவத்தை வச்சுத்தான் எது எவ்வளவு பிந்துதுன்னு கண்டுபிடிக்க முடியும். கடல்ல அந்தப் பொதுவான விஷயம் ஆழ்கடல். 2,000 மீட்டருக்குக் கீழ பல இடத்துல தண்ணி ரொம்ப நிதானமா மாறும், வட பசிபிக் ஆழத்துல இருக்கிற தண்ணி கடைசியா காத்தைப் பாத்து ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. அங்க 1994-ல ஒரு கப்பலும் 2005-ல இன்னொரு கப்பலும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல அளந்து, ஆழத்துல எல்லா பாட்டில்லயும் ஒரே மாதிரி 8 மைக்ரோமோல் வித்தியாசம் வந்தா, மாறினது கடல் இல்ல, கருவிதான்னு சந்தேகப்படலாம். ரெண்டு பயணக் கோடும் வெட்டிக்கிற இடங்கள்ல இப்படி ஒப்பிட்டுப் பாக்கிறதுக்கு கிராஸ்ஓவர்னு பேரு. ஒரு பயணத்தை இன்னொண்ணோட மட்டும் ஒப்பிட்டா எது தப்புன்னு தெரியாது, ஆனா ஒரே பயணம் இருபது பயணத்தோட வெட்டிக்கிட்டு இருபதுலயும் அதே பக்கம் அதே அளவு விலகினா பிடிபட்டுடும். எல்லா ஜோடியையும் ஒண்ணா போட்டு, மொத்த வித்தியாசமும் குறைவா வர்ற மாதிரி கணக்கு போடுவாங்க, அது ஒரு யோசனையை மட்டும்தான் சொல்லும், கடைசி முடிவு ஆளுங்க உக்காந்து பேசி எடுக்கறது.

வளைக்கறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா, மூணு விஷயத்தைப் பாருங்க. ஒரு பயணத்துக்கு ஒரு திருத்தம்னா அந்தப் பயணத்தோட எல்லா சாம்பிளுக்கும், அடியிலேர்ந்து மேல வரைக்கும், ஒரே திருத்தம்தான், பிடிக்காத புள்ளியை மட்டும் நகர்த்த முடியாது. டிஐசியில வித்தியாசம் 4 மைக்ரோமோலுக்குள்ள இருந்தா தொடறதே இல்ல, அந்த அளவுக்கு மேல துல்லியம்னு சொல்லிக்க யாருக்கும் யோக்கியதை இல்லங்கற அடக்கம் அது. அப்புறம் திருத்தின அளவு எல்லாம் ஒரு பட்டியல்ல பொதுவுல கிடக்கு, திருத்தாத ஒரிஜினல் ஃபைலும் அப்படியே இருக்கு, சந்தேகம் இருந்தா நீங்களே கழிச்சுட்டு உங்க கணக்கைப் போடலாம்.

நிஜமான ஆபத்து வேற பக்கம் இருக்கு, அதை நீங்க கேக்கல, நானே சொல்றேன். ஆழ்கடல் மாறாதுன்னு வச்சுக்கிட்டு எல்லாத்தையும் சமமாக்கினா, ஆழம் உண்மையிலேயே மாறுற இடத்துல அந்த மாற்றத்தையும் சேர்த்து அழிச்சிடுவோம். வட அட்லாண்டிக்ல மேல்மட்டத் தண்ணி குளிர்ந்து அடி வரைக்கும் முழுகுது, அதோட புதுக் கார்பனும் கீழ போகுது. அண்டார்டிகாவைச் சுத்தி, ஆர்க்டிக்ல, மத்தியதரைக் கடல்ல எல்லாம் இதே கதை. அங்க வித்தியாசம் வந்தா கையைக் கட்டிக்கிட்டு, உப்பு மாறியிருக்கா, ஆக்சிஜன் மாறியிருக்கா, சிஎஃப்சி வந்திருக்கான்னு பாத்துட்டு, கடலே மாறியிருக்க வாய்ப்பு இருந்தா திருத்தம் போடாம விடணும். என்னைக் கேட்டா இந்தத் தொகுப்புல திருத்தின பயணங்களை விட, திருத்தாம விட்ட பயணங்களுக்குத்தான் அதிக அறிவு செலவாகியிருக்கும்.

கேள்வி: எல்லாரும் ஒரே ஸ்டாண்டர்டு வச்சு அளந்திருந்தா இந்தக் கூத்தே வேண்டாமே? (அதே ஆசிரியர், ரெண்டாவது கடிதம்)

1990-கள்லேர்ந்து அப்படித்தான் சார் நடக்குது. சான் டியாகோ பக்கம் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்துல ஆண்ட்ரூ டிக்சனோட லேப், நிஜக் கடல் தண்ணியையே எடுத்து வடிகட்டி, கிருமி நீக்கி, மெர்குரிக் குளோரைடு போட்டு, பாட்டில்ல அடைச்சு, டிஐசி, ஆல்கலினிட்டி மதிப்பை சரிபார்த்து உலகம் முழுக்க அனுப்பினாங்க. கப்பல்ல தினமும் அந்த பாட்டில் ஒண்ணைத் திறந்து அளந்து பாத்தா நம்ம கருவி எவ்வளவு பிசகுதுன்னு தெரிஞ்சிடும். அது வர்றதுக்கு முந்தின பயணங்கள்ல பத்து மைக்ரோமோலுக்கு மேல விலகல் இருக்கறது சகஜம், வந்ததுக்கப்புறம் படக்குனு குறைஞ்சுது. இத்தனைக்கும் உலகமே பெரும்பாலும் ஒரே லேபை நம்பி இருந்துச்சு. 2020-ல பெருந்தொற்றுல உற்பத்தி தடைபட்டப்ப எல்லாரும் கையில இருக்கிற பாட்டிலை எண்ண ஆரம்பிச்சாங்க. இவ்வளவு முக்கியமான விஷயத்துக்கு மாத்து ஏற்பாடு இல்லாம இத்தனை வருஷம் ஓட்டினது எனக்கு ஆச்சரியம்தான்.

கேள்வி: கடல்ல இயற்கையாவே இவ்வளவு கார்பன் இருக்கறப்ப, நாம விட்டது எது, பழசு எதுன்னு எப்படிப் பிரிக்கிறாங்க? (இல்லத்தரசி, கேள்வி-பதில் பகுதியை விடாம படிக்கிறவர்)

ரெண்டும் ஒரே மூலக்கூறு மேடம், பேர் எழுதி ஒட்டி வராது. நாம சேர்த்தது மேல்மட்டத் தண்ணியிலயே மூணு சதவீதம் மாதிரிதான். அதனால சுத்தி வளைச்சுத்தான் போகணும். ஆழத்துல இருக்கிற கார்பன் மூணு வழியா வந்திருக்கும்: மேல இருந்தப்பவே கரைஞ்சது, செத்த உயிரினங்கள் மக்கினதுல வந்தது, அதுங்களோட சுண்ணாம்பு ஓடு கரைஞ்சதுல வந்தது. மக்கினது எவ்வளவுன்னு ஆக்சிஜன் குறைஞ்ச அளவைப் பாத்தும், ஓடு கரைஞ்சது எவ்வளவுன்னு ஆல்கலினிட்டியைப் பாத்தும் கழிச்சிடலாம். அப்புறம் அந்தத் தண்ணி எப்ப மேலேர்ந்து இறங்குச்சுன்னு தெரியணும், அதுக்கு சிஎஃப்சி. ஃபிரிட்ஜ்ல போட்ட வாயுதான், 1930-களுக்கு முன்னாடி உலகத்துலயே கிடையாது, அதனால ஆழத்துல அது தட்டுப்பட்டா அந்தத் தண்ணி சமீபத்துல காத்தைத் தொட்டதுன்னு அர்த்தம். ஓசோனுக்குக் கெடுதல் பண்ணின சரக்கு கடல் ஆராய்ச்சிக்கு இப்படி உதவினது ஒரு வேடிக்கை. ஆக, கார்பனை மட்டும் அளந்த பயணத்தால இந்தக் கணக்குக்குப் பிரயோஜனம் கம்மி, ஆக்சிஜன், நைட்ரேட், ஃபாஸ்பேட், சிலிகேட், உப்பு எல்லாம் ஒரே பாட்டில்ல அளந்திருக்கணும். குளோடாப்ல 13 விஷயங்களை சேர்த்துத் தொகுக்கறது அதுக்குத்தான்.

2004-ல 95 பயணங்கள், 9,618 ஸ்டேஷன்களோட (கப்பல் நின்னு கூண்டை இறக்கின இடங்களோட) டேட்டாவை வச்சு வந்த விடை: 1800-லேர்ந்து 1994 வரைக்கும் கடல் எடுத்துக்கிட்டது 118 பில்லியன் டன் கார்பன், கூட்டிக் கழிச்சு 19 முன்ன பின்ன. 2019-ல வந்த அடுத்த கணக்கு, 1994-லேர்ந்து 2007 வரைக்கும் 34, முன்ன பின்ன 4. அப்புறம் 2023-ல, 1994-லேர்ந்து 2004 வரை 29, 2004-லேர்ந்து 2014 வரை 27, ரெண்டுக்கும் முன்ன பின்ன 3. காத்துல கார்பன் கூடிக்கிட்டே போறப்ப கடலோட பங்கும் கூடணும், கூடல. கடல் களைச்சுப் போச்சுன்னு இதை வச்சு தலைப்பு போட்டவங்க அந்த முன்ன பின்ன 3-ஐ படிக்கல, அதேசமயம் ஒண்ணுமே இல்லன்னு தள்ளிடவும் முடியாது.

கேள்வி: சோகேட்னு இன்னொரு தொகுப்பு இருக்கே, அது என்ன போட்டிக் கடையா?

இல்லீங்க, அது மேல்மட்டம் மட்டும். சரக்குக் கப்பல், ஆராய்ச்சிக் கப்பல்னு பலதுல தண்ணியை ஓட ஓட உறிஞ்சி பகுதி அழுத்தத்தை அளக்கிற கருவி வச்சிருக்காங்க, அந்த டேட்டாவைச் சேர்க்கிறது சோகேட். 2007-ல பேசி ஆரம்பிச்சு, 2011-ல முதல் பதிப்பு 63 லட்சம் அளவீடுகளோட வந்துச்சு, இப்ப கோடிக்கணக்குல போயிடுச்சு. குளோடாப் சொல்றது கடல்ல இதுவரை என்ன சேர்ந்திருக்குன்னு, சோகேட் சொல்றது இந்த வருஷம் என்ன உள்ள போச்சுன்னு. இதுலயும் வில்லங்கம் உண்டு, தண்ணி ஒரு டிகிரி சூடானா பகுதி அழுத்தம் 4 சதவீதத்துக்கு மேல ஏறும், கப்பல் குழாய்க்குள்ள வர்றப்பவே தண்ணி கொஞ்சம் சூடாயிடும், அதைத் திருத்த ரெண்டு இடத்துல தெர்மாமீட்டர் வேணும். அது ஒழுங்கா இருந்தாத்தான் அந்த டேட்டாவுக்கு நல்ல தர மார்க்கு.

கேள்வி: இப்ப ரோபோ மிதவை எல்லாம் வந்துடுச்சே, எதுக்கு இன்னும் கோடிக்கணக்குல செலவழிச்சு கப்பல்? (பொறியியல் மாணவர்)

மிதவை அருமையான விஷயம் தம்பி, சந்தேகமே இல்ல. 2014-லேர்ந்து சாக்கம்ங்கற திட்டத்துல அண்டார்டிகாவைச் சுத்தி நிறைய விட்டாங்க, குளிர்காலத்துல எந்தக் கப்பலும் போகாத இடத்துல பத்து நாளுக்கு ஒரு தரம் 2,000 மீட்டர் வரைக்கும் முழுகி எழுந்து பிஎச், ஆக்சிஜன், நைட்ரேட் அனுப்புது. ஆனா அதுல டிஐசி, ஆல்கலினிட்டி அளக்கிற சென்சார் கிடையாது. பிஎச் அளந்துட்டு, ஆல்கலினிட்டியை உப்பு, வெப்பம் வச்சு ஒரு சூத்திரத்துல ஊகிப்பாங்க, அந்த சூத்திரத்தைப் பழக்கினதே குளோடாப் டேட்டாவுலதான். சென்சார் நாளாக நாளாக நழுவும், அதைச் சரி பண்ண 1,500 மீட்டர் ஆழத்துல பிஎச் என்னவா இருக்கணும்னு பாத்து நிமித்துறாங்க, அந்த என்னவா இருக்கணும்ங்கறதும் கப்பல் டேட்டாவுலேர்ந்துதான். பிஎச்-ல 0.01 பிசகினா பகுதி அழுத்தத்துல சுமார் 9, 10 மைக்ரோ அட்மாஸ்பியர் பிசகும், காத்துக்கும் கடலுக்கும் உலக சராசரி வித்தியாசமே சில மைக்ரோ அட்மாஸ்பியர்தான், அப்ப புரிஞ்சுக்கோங்க.

கேள்வி: தொகுப்புல பெரிய ஓட்டை எங்க?

குளிர்காலம், முக்கியமா தென்கடல்ல. அப்புறம் இந்தியப் பெருங்கடல், அட்லாண்டிக்கோட ஒப்பிட்டா அங்க ரொம்ப கம்மி. கரையோரமும்தான், அங்க ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள்ள தானே அளந்து தானே வச்சுக்குது.

கேள்வி: டேட்டாவைக் குடுக்க மாட்டேன்னு வச்சுக்கிறவங்களும் உண்டா?

உண்டு, எல்லா ஊர்லயும் உண்டு. ரெண்டு மாசம் கடல்ல வாந்தி எடுத்து அளந்தவருக்கு, அவர் கட்டுரை எழுதறதுக்கு முன்னாடி வேற யாரோ எழுதிடுவாங்கன்னு பயம், அது எனக்குப் புரியுது. பத்து வருஷம் கழிச்சும் குடுக்காதது புரியல. பழைய கம்ப்யூட்டர்ல கிடந்து அழிஞ்சு போன பயணத்தை மறுபடி அளக்க முடியாது, அந்த வருஷக் கடல் திரும்ப வராது. சேர்த்து வைக்கிற இடமும் நிரந்தரம் இல்ல, பல வருஷமா கடல் கார்பன் டேட்டாவை வச்சிருந்த, அமெரிக்காவோட ஓக் ரிட்ஜ் ஆய்வகத்து சிடிஐஏசிங்கற காப்பகம் 2017-ல மூடப்பட்டுச்சு, நல்லவேளையா கடல் டேட்டா அமெரிக்காவோட கடல், வானிலை அமைப்பான நோவாவுக்கு மாறிடுச்சு. காப்பகம்னா யாரோ ஒருத்தர் சம்பளம் வாங்கி தினமும் பாத்துக்கிற வேலை, ஆனா அதுக்குப் பணம் கேட்டா மட்டும் எல்லாரும் வேற பக்கம் திரும்பிக்கிறாங்க, புதுக் கருவி வாங்கன்னா உடனே கையெழுத்து.

கேள்வி: நானே அந்த டேட்டாவை எடுத்துப் பாக்கணும்னு ஆசை. எங்க ஆரம்பிக்கறது? (முதல் கேள்வி கேட்ட மாணவிக்கும் இன்னும் சிலருக்கும் சேர்த்து)

காசு கிடையாது, குளோடாப் இணையதளத்துல யார் வேணா எடுக்கலாம். மொத்தமா எடுக்காதீங்க, லேப்டாப் திணறும். கடல்வாரியா நாலு ஃபைல் இருக்கு, இந்தியப் பெருங்கடல் ஃபைல் சின்னது, அதை எடுங்க. புரோகிராம் எழுதத் தெரியலன்னா ஓஷன் டேட்டா வியூன்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, பைத்தான் தெரிஞ்சா பைசிஓ2சிஸ்ங்கற பேக்கேஜ் டிஐசி, ஆல்கலினிட்டி குடுத்தா பிஎச் எல்லாம் போட்டுக் குடுத்திடும்.

ஃபைலைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை -9999-களை எல்லாம் தூக்கறது, மறந்தா உங்க சராசரி டிஐசி நெகட்டிவ்ல வரும். அடுத்தது தரக்குறி. இந்தத் தொகுப்புல 2 இருந்தா அளந்தது, 0 இருந்தா கணக்குல வந்தது இல்ல இடைவெளியை நிரப்பினது. 0 போட்ட பிஎச்-ஐயும் டிஐசியையும் எடுத்து ரெண்டும் அற்புதமா ஒத்துப் போகுதுன்னு ரிப்போர்ட் எழுதற பசங்க வருஷா வருஷம் வர்றாங்க, ஒத்துப் போகாம என்ன பண்ணும், ஒண்ணுலேர்ந்து ஒண்ணு வந்ததுதானே.

அப்புறம் ஐ09என்ங்கற கோட்டைத் தேடுங்க, இந்தியப் பெருங்கடல்ல தெற்கேர்ந்து வங்காள விரிகுடா வரைக்கும் வர்ற கோடு, 1995, 2007, 2016-னு மூணு தரம் கப்பல் போயிருக்கு. மூணு பயணத்தோட டிஐசியையும் ஆழத்துக்கு எதிரா ஒரே கிராஃப்ல போடுங்க. 2,000 மீட்டருக்குக் கீழ மூணும் ஒண்ணு மேல ஒண்ணா விழணும். மேல 200 மீட்டர்லேர்ந்து 600 வரைக்கும் மூணும் விலக ஆரம்பிச்சா உடனே குதிக்காதீங்க, அதே இடத்துல ஆக்சிஜனையும் போட்டுப் பாருங்க, அதுவும் சேர்ந்து மாறியிருந்தா தண்ணியே இடம் மாறியிருக்கும். முதல் 100 மீட்டரை விட்டுடுங்க, அங்க பருவத்துக்கு ஏத்த மாதிரி ஆடுற ஆட்டம்தான் பெருசா தெரியும்.